வாலியும் மாயாவியும்

இரும்புக்கை மாயாவியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது இலக்கிய நண்பர் ஒருவர், "உமக்கு வேறே விஷயம் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஆச்சரியமில்லை. படக்கதை என்றால் பையன்கள் பாடப் புஸ்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிற சமாசாரம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் 1972-ல் தமிழுக்கு வந்த ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அறுபது வயசுக்காரர்கள் முகம் மலர்கிறது என்றால், அந்தப் பாத்திரத்தில் ஏதோ சரக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது என்ன சரக்கு, எந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று என்று பார்ப்பதில் விமரிசகனுக்குக் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் கிராண்டல் என்பவன் பாரிஞ்சர் என்ற விஞ்ஞானியிடம் ஆய்வுக்கூட உதவியாளன். ஒரு விபத்தில் கையை இழந்து, அதற்குப் பதிலாக எஃகினால் செய்த கை ஒன்றை மாட்டிக்கொண்டிருக்கிறவன். ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் கருவி வெடித்து, உயர் அழுத்த மின்சாரம் அவன் உடம்பில் பாய்ந்துவிடுகிறது. செத்திருக்க வேண்டியவன் சாகவில்லை, மறைந்துபோகிறான். உடம்பு மறைகிறது, உடுத்தியிருக்கிற துணி மறைகிறது, எஃகுக் கை மட்டும் மறைய மாட்டேன் என்கிறது. அந்தரத்தில் ஒரு கை! கொஞ்ச நேரம் கழித்து மின்சாரத்தின் வேகம் தணிந்ததும் ஆள் மறுபடி கண்ணுக்குத் தெரிகிறான். திரும்ப மறைய வேண்டுமானால் திரும்பவும் மின்சாரத்தைத் தொட வேண்டும்.

இது 1962 அக்டோபரில் லண்டனில் 'வேலியன்ட்' என்ற பையன்கள் வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர். முதலில் எழுதியவர் கென் பல்மர். பின்னால் டாம் டல்லி. படம் போட்டவர் பார்சிலோனாக்காரரான ஹெஸூஸ் பிளாஸ்கோ. பத்து வருஷம் கழித்து, பட்டாசும் காலண்டரும் அச்சிடும் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியபோது, முதல் இதழாக 1972 ஜனவரியில் வந்தது 'இரும்புக்கை மாயாவி'தான். அந்தப் பத்திரிகையின் ஆரம்ப காலத்து ஆசிரியர் முல்லை தங்கராசன். லண்டன் பையன் படித்ததையே சாத்தூர்ப் பையனும் படித்தான். ஆனால் இருவரும் ஒரே கதையைப் படித்தார்களா என்பது வேறு விஷயம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

துணி மறையும்போது கை ஏன் மறையவில்லை என்று கேட்டால் பதில் கிடையாது. எச்.ஜி. வெல்ஸ் 1897-ல் கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றி நாவல் எழுதியபோது இந்த மாதிரி விஷயங்களில் மிகவும் கறாராக இருந்தார். அவருடைய கிரிஃபின் மறைந்து திரிய வேண்டுமானால் குளிர்காலத்தில் நிர்வாணமாகத் திரிய வேண்டும். சாப்பிட்டது ஜீரணமாகிற வரையில் வயிற்றில் தெரியும். பனியில் கால் தடம் பதியும். அந்தக் கறார்த்தனம் பல்மரிடம் இல்லை. ஆனால் கதைக்கு வேண்டியது தர்க்கம் மட்டுமல்லவே. பிளாஸ்கோவின் படங்களைப் பாருங்கள். ஏராளமான கறுப்பு, மழையில் நனைந்த தெரு, தொப்பி போட்ட சாதாரண மனிதர்களின் திகைத்த முகங்கள், நடுவில், யாருக்கும் சொந்தமில்லாதது போல, ஒரு கை. சைத்ரிகனுக்கு அந்தக் கை தேவைப்பட்டது. முழுக்க மறைந்த மனிதனைப் படக்கதையில் எப்படி வரைவது? காலிக் கட்டத்தைத்தான் அச்சடிக்க வேண்டும். தொழிலின் நெருக்கடியிலிருந்து பிறந்த யுக்தி அது என்று நான் ஊகிக்கிறேன். நல்ல யுக்திகள் அப்படித்தான் பிறக்கின்றன.

அந்த யுக்தியால் கதைக்குக் கிடைத்தது என்ன என்பதுதான் முக்கியம். வீரனுடைய பலத்தால் கதை நடப்பதில்லை, அந்தப் பலத்துக்கு விதித்த நிபந்தனையால்தான் நடக்கிறது என்பது என் கட்சி. அமெரிக்காவில் 1938-ல் சூப்பர்மேன் பிறந்தபோது அவனை எதுவும் அசைக்க முடியாது என்றார்கள். அசைக்க முடியாதவனை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கதை சொல்ல முடியும்? ஐந்து வருஷத்துக்குள், 1943-ல், வானொலி நாடகக்காரர்கள் கிரிப்டோனைட் என்று ஒரு கல்லைக் கண்டுபிடித்து அவனுக்குப் பலவீனத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கிராண்டலுக்கு நிபந்தனை பிறவியிலேயே இருக்கிறது. பலம் அவனுடையதல்ல, கடன் வாங்கியது. மின்சாரத்திடம் கையேந்த வேண்டும். வாங்கின பலமும் நெடுநேரம் தங்காது. தங்குகிற நேரத்திலும் கை காட்டிக் கொடுக்கும். மூன்று பூட்டுப் போட்ட பெட்டி மாதிரியான சக்தி.

இப்படியொரு பாத்திரம் நமக்குப் புதிதா? இல்லை என்பதை எனக்கு உறுதிப்படுத்திய ஊர் வாலிகண்டபுரம்.

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சியிலிருந்து சென்னை போகிற பெருஞ்சாலையில் இருக்கிறது அந்த ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவார்கள். இறங்கிப் பார்த்தால் சோழர் காலத்து வாலீஸ்வரர் கோயில். வாலி சிவனைப் பூஜை செய்து வரம் வாங்கினது இங்கேதான் என்பது ஊர்க்காரர்கள் நம்பிக்கை. வாலி பூஜித்த தலம் என்று சொல்லிக்கொள்கிற ஊர்கள் இன்னும் உண்டு. மயிலாப்பூரிலேயே ஒரு வாலீஸ்வரர் இருக்கிறார். ஆனால் ஊர்ப் பெயரிலேயே வாலியைக் கட்டிப் போட்டுக்கொண்டது இந்த ஊர்தான். வாலிகண்டபுரம் என்றும் எழுதுகிறார்கள், வாலிகொண்டபுரம் என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலேயர்கள் 1751-ல் இந்தப் பக்கத்தில் சந்தா சாகிபின் ஆட்களோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் மோதினபோது அதை வோல்கொண்டா ஆக்கிவிட்டார்கள்.

வாலியின் வரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிரே நின்று போர் செய்கிறவன் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும். வால்மீகியில் இந்திரன் கொடுத்த பொன்மாலைக்குத்தான் மகிமை அதிகம். கம்பனில் அனுமன், ராமனிடம் வாலியின் பராக்கிரமத்தைச் சொல்லும்போது இந்தப் பாதி பலத்தைச் சொல்கிறான். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு விசித்திரமான வரம்! இதுவும் கடன் வாங்கின பலம்தான். மாயாவி மின்சாரத்திடம் வாங்குகிறான், வாலி எதிரியிடமே வாங்குகிறான். எதிரி எவ்வளவு பெரியவனோ அவ்வளவு பெரியவன் வாலி. இராவணன் வந்து மாட்டிக்கொண்டு வாலில் தொங்கினது இதனால்தான். ஆனால் இதற்கும் நிபந்தனை உண்டு: எதிரி எதிரே நிற்க வேண்டும்.

வாலிகண்டபுரத்தில் என் உறவினர் வீட்டில் ஒரு கோடை விடுமுறையில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அவர் சிறு வயதில் சேர்த்த முத்து காமிக்ஸ் இதழ்களை நூல் போட்டுத் தைத்து அலமாரியில் வைத்திருந்தார். அவருடைய பேரக் குழந்தைகள் மூன்று பேர் அதைத் திண்ணையில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். காலையில்தான் கோயிலுக்குப் போய் வாலியின் கதையைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். சின்னவன் என்னிடம் வந்து, "தாத்தா, வாலியும் மாயாவியும் மோதிக்கிட்டா யாரு ஜெயிப்பாங்க?" என்று கேட்டான்.

"வாலிதான். பாதி பலம் வந்துடுமே" என்றேன்.

"மாயாவிதான் கண்ணுக்கே தெரிய மாட்டானே! அப்புறம் எப்படி எதிர்ல நிக்கிறதாக் கணக்கு?"

அண்ணன்காரன் விடவில்லை. "கை தெரியுதுல்லடா? கை எதிர்ல நின்னா ஆளு நின்ன மாதிரிதான்" என்றான்.

அக்காக்காரி அதுவரை பேசாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அவன் பலமே கரண்டுதான். பாதி கரண்டு வாலிக்குப் போயிட்டா வாலியும் பாதி மறைஞ்சிடுவான். அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

நான் படித்த விமரிசனக் கட்டுரைகள் பலவற்றில் இவ்வளவு கறாரான வாதத்தைப் பார்த்ததில்லை. அண்ணன்காரன் சொன்னது மட்டும் என்னை விடவே இல்லை. கை தெரிந்தால் ஆள் எதிரே நின்றதாக அர்த்தமா?

வாலி வதைப் படலத்தை எடுத்துப் பாருங்கள். மறைந்து நின்று அம்பு எய்கிறான் ராமன். வாலி விழுகிறான். மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கிப் பார்க்கிறான். அதில் ராமன் பெயர் எழுதியிருக்கிறது. மறைந்து நின்றவனின் அம்பு பெயரை மறைக்கவில்லை. ஆள் மரத்துக்குப் பின்னால்; பெயர் வாலியின் கையில். மறையாத இரும்புக்கை போலத்தான் அந்தப் பெயரும். அதைப் படித்த பிறகுதான் வாலிக்கு வழக்காட ஒரு பிரதிவாதி கிடைக்கிறான். அம்பில் பெயர் இல்லாதிருந்தால் அது ஒரு சாவு, அவ்வளவுதான். பெயர் இருந்ததால் அது ஒரு வழக்கு ஆயிற்று. தமிழ்நாட்டில் இன்றுவரை பட்டிமன்ற மேடையில் தீராத வழக்கு.

இங்கே கம்பன் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். கதாகாலக்ஷேபக்காரர்கள், "எதிரே போனால் பாதி பலம் போய்விடும், அதனால்தான் மறைந்தான்" என்று ஒரே வாக்கியத்தில் ராமனுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். கம்பனுக்கு அந்த வரம் தெரியும். அனுமன் வாயால் சொல்லியும் வைத்திருக்கிறான். ஆனால் வாலி நேருக்கு நேர் கேட்கும்போது அந்தச் சமாதானத்தை அவன் எடுக்கவில்லை. தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்தை ராமன் சொல்கிறான். ஏன் மறைந்து எய்தாய் என்ற கேள்விக்கு லக்ஷ்மணன் முந்திக்கொண்டு, நீயும் வந்து சரணம் என்று விழுந்துவிட்டால் சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது, அதனால்தான் என்கிறான். கெட்டிக்காரப் பதில்தான், ஆனால் வாலியின் பலத்துக்குப் பயந்தோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தந்திரக் கதையாகப் போயிருக்கும். சொல்லாததால் அந்தக் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. கதாசிரியன் தன் கையில் இருக்கிற சுலபமான பதிலை வேண்டாமென்று வைப்பது சாமானிய விஷயமல்ல.

மாயாவி என்ற பெயரே வாலி கதையில் வருகிற பெயர்தான் என்பது இன்னொரு வேடிக்கை. வாலி துரத்திக்கொண்டு குகைக்குள் நுழைந்து சண்டை போட்ட அசுரன் பெயர் மாயாவி. வெளியே காவல் இருந்த சுக்கிரீவன், அண்ணன் செத்தான் என்று நினைத்து வாயிலை அடைத்து ராஜ்யத்துக்குத் திரும்ப, அதிலிருந்துதான் சகோதரச் சண்டையே மூண்டது. இங்கிலீஷில் அந்தத் தொடரின் பெயர் வெறும் எஃகு நகம் என்கிற அர்த்தத்தில்தான் இருக்கிறது. 'மாயாவி' என்ற சொல்லைச் சேர்த்தவர்கள் தமிழ்க்காரர்கள். வெறும் பொருளின் பெயரை ஆளின் பெயராக்கினார்கள். அதுவும் அசுரர்களுக்கு உரிய பெயராக. தெரிந்து செய்தார்களோ, காது சொன்னபடி செய்தார்களோ, இதைவிடப் பொருத்தமாகச் செய்திருக்க முடியாது. ஏனென்றால் முதல் கதையில் கிராண்டல் அசுரன்தான்.

ஆமாம். நல்லவன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற மாயாவி ஆரம்பத்தில் திருடன். மறைய முடிகிறது என்று தெரிந்ததும் அவன் ஏழைகளைக் காப்பாற்றப் புறப்படவில்லை, கொள்ளையடிக்கப் புறப்படுகிறான். கிரேக்கத்து பிளேட்டோ சொன்ன கைஜீஸின் மோதிரக் கதையும் இதுதான். மோதிரத்தைத் திருப்பினால் மறையலாம் என்று கண்ட இடையன், அரசியை மயக்கி, அரசனைக் கொன்று, தானே அரசனாகிறான். யாரும் பார்க்காதபோது மனிதன் யோக்கியனாக இருப்பானா என்ற கேள்விக்கு, பத்து வயசுப் பையன்களுக்காக எழுதிய பல்மர் இருக்க மாட்டான் என்று பொய்யில்லாமல் பதில் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, உலகம் அவனைக் கண்டுபிடிக்க ஒரு கையையும் விட்டு வைத்தார். அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இந்தப் பாத்திரத்தின் உயிர் இருக்கிறது. முத்து காமிக்ஸுக்குத் தங்கையாக 1984-ல் வந்த லயன் காமிக்ஸில் பிரபலமான ஸ்பைடரும் இந்த ஜாதிதான். கொள்ளையர் கூட்டத்துக்கு ராஜாவாக ஆசைப்பட்டுப் பிறகு திருந்தினவன். அவனுக்குப் பின்னாளில் கதை எழுதியவர் சூப்பர்மேனைச் சிருஷ்டித்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? தொடர் பிரபலமாயிற்று. பிரபலமான அயோக்கியனை நெடுநாள் அயோக்கியனாக விட்டு வைக்க எந்தப் பத்திரிகை முதலாளிக்கும் மனசு வராது. வெடி விபத்தில் புத்தி பேதலித்ததால்தான் அப்படி நடந்துகொண்டான் என்று ஒரு சமாதானம் வந்தது. கிராண்டல் நல்லவனானான், நிழற்படை என்ற ரகசிய ஸ்தாபனத்தில் உளவாளியாகச் சேர்ந்தான். ஜேம்ஸ் பாண்ட் காலம் அது. எஃகுக் கைக்குள் சாமான்கள் ஏறத் தொடங்கின. ஒரு விரல் துப்பாக்கி, ஒரு விரலில் வானொலி, இன்னொன்றில் புகை. இடையில் கொஞ்ச காலம் முகமூடியும் பளபளப்பு உடையும் கூட மாட்டிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது பிளாஸ்கோவுக்குச் செய்கிற மரியாதை.

என் குற்றச்சாட்டு அவன் நல்லவனானான் என்பதல்ல. திருந்துகிற மனிதனைவிட நல்ல கதை உண்டா? ஆனால் திருந்துவதற்கு முன்னால் தான் செய்தது தன்னுடைய செய்கை என்று ஒருவன் ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தி பேதலித்துவிட்டது என்ற சமாதானம் அந்தச் சந்தர்ப்பத்தையே பறித்துவிட்டது. கம்பன் வேண்டாமென்று வைத்த சுலபமான பதிலைப் போன்ற ஒன்றை இவர்கள் ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். அதோடு, காட்டிக் கொடுக்கிற கையாக இருந்தது காப்பாற்றுகிற கையாக மாறிப்போயிற்று. கைதி கையில் விலங்கு கிடந்தால் கதை உண்டு. அதே விலங்கைத் திறந்தால் உள்ளே சுத்தியலும் அரமும் இருக்கிறது என்றால், பிறகு என்ன ஆகும் என்று நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

சாத்தூர்ப் பையன் வேறு கதையைப் படித்தான் என்று முன்னே சொன்னேனே, அது இதுதான். நம்மவர்களில் பெரும்பாலோர் மனசில் நிற்கிற மாயாவி உளவாளி மாயாவிதான். 'பாம்புத் தீவு'ம் 'நாச அலைக'ளும் படித்து வளர்ந்தவர்களைக் கேட்டால் வில்லன்களின் அட்டகாசத்தைச் சொல்வார்கள், விரல் துப்பாக்கியைச் சொல்வார்கள். அவன் திருடனாக இருந்ததை ஞாபகப்படுத்தினால், சொந்தக்காரரைப் பற்றிக் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல, "ஆமா, அது ஆரம்பத்திலே" என்று பேச்சை மாற்றுவார்கள். லண்டன் பையன் ஒரு கெட்டவன் படிப்படியாகத் திருந்தியதை வாராவாரம் பார்த்தான். நம்முடைய பையனுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு தெய்வம். நமக்குத் தெய்வங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. பயப்பட வைக்கிற ஒரு மனிதன்தான் குறைச்சல்.

ஆகவே புதிதாகப் படிக்கப் போகிறவர்கள், மறுபதிப்பு எது கையில் கிடைத்தாலும், முதல் கதையைத் தேடிப் பிடித்து அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்வேன். உளவாளிக் கதைகளைப் பிளாஸ்கோவின் படத்துக்காகப் பார்க்கலாம். வசனத்தை வேகமாகத் தாண்டிவிடலாம்.

எனக்கு வேறொரு ஆசையும் இருக்கிறது. வாலியை, பிளாஸ்கோவின் தரத்தில், கறுப்பு வெள்ளையில் ஒரு தமிழ்ச் சைத்ரிகர் வரைய வேண்டும். காலண்டர் படத்து வாலி வேண்டாம். ஒருவன் எதிரே வந்து நிற்கிறான். அவன் உடம்பிலிருந்து பாதி பலம் கழன்று இவனிடம் வருகிறது. இதைக் கோட்டில் எப்படிக் காட்டுவது? வந்தவனின் தோள் சரிவதிலா, நிழல் சின்னதாவதிலா? அந்தக் கட்டத்தைக் கூட யாராவது கெட்டிக்காரர் போட்டுவிடுவார். அதற்கப்புறம் வருகிற கட்டம்தான் கஷ்டம். மரங்கள், அவற்றுக்குப் பின்னால் இருட்டு, ஆள் தெரியவில்லை. நாணை இழுத்த கை மட்டும் வெளியே தெரிகிறது.